பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை, மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்வது ஏன்?

ஃப்யூரோசமைடு (சிறுநீரை அதிகமாக்கும் மருந்து) மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியம் சிரப் கொடுத்தும் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3 மில்லிமோலைத் தாண்டவில்லை என்றால், பெரும்பாலும் அது ஒழுகும் ஓட்டை சிறுநீரகத்தில்தான்.

ஒரு நாளில் சிறுநீரகம் வடிகட்டும் பொட்டாசியம் சுமார் 700 மில்லிமோல். 90 சதவீதம் முன்பகுதிக் குழாயிலும் ஹென்லே வளைவிலுமே திரும்பிவிடும். சிறுநீரில் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது கடைக்கோடிக் குழாய்கள்.

அங்குள்ள முதன்மைச் செல்லின் ரத்தப் பக்கத்தில் ஒரு பம்ப், 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். சிறுநீர்ப் பக்கத்தில் ஈனாக் கால்வாய் வழியே சோடியம் செல்லுக்குள் நுழையும். அதனால் குழாயின் உட்புறம் எதிர்மின்னேற்றம் பெறும். அந்த இழுப்பில் பொட்டாசியம் ரோம்கே கால்வாய் வழியே சிறுநீருக்குள் இறங்கும். ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இதை முடுக்கும். ஃப்யூரோசமைடு மேலிருந்து சோடியத்தையும் நீரையும் அதிகமாக அனுப்புவதால், வேக ஓட்டத்தில் திறக்கும் பிகே என்ற பொட்டாசியக் கால்வாய்களும் சேர்ந்துகொள்ளும்.

இங்கேதான் மெக்னீசியம் வருகிறது. செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம், ரோம்கே துளையை உள்ளிருந்து தக்கைபோல அடைக்கும். அது குறைந்தால் தக்கை கழன்றுவிடும். கொடுத்த பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். ஃப்யூரோசமைடு மெக்னீசியத்தையும் வெளியேற்றுகிறது என்பதுதான் சிக்கல். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை நெடுநாள் சாப்பிடுபவருக்கும் அது குறையலாம், பலர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

ரத்த மெக்னீசியம் சரியாக இருந்தாலும் செல்லுக்குள் குறைவாக இருக்கலாம். மெக்னீசியம் கொடுக்குமுன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பாருங்கள். சிறுநீரகம் பழுதென்றால் மெக்னீசியம் உடலிலேயே தேங்கும்.