பிற்பகலில் தடுமாறும் கை

கேள்வி: குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்கிறேன். வயது 58. காலையில் கை நன்றாக ஓடுகிறது. பிற்பகலில், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவின் கயிற்றை இழுக்கும் கையும், அந்த நூலை நெருக்கப் பலகை அடிக்கும் கையும் ஒத்துப்போவதில்லை. துணியின் கரை கோணுகிறது, தோள் வலிக்கிறது. "போதும், விட்டுவிடுங்கள்" என்கிறான் மகன். இது நோயா, வயதா?

பதில்: ஐயா, தொழில் கையை விட்டுப் போயிருந்தால் காலையிலும் கரை கோணியிருக்கும். காலையில் நேராக வருவதால், உங்கள் கை நெசவை மறக்கவில்லை, விரைவில் களைத்துப்போகிறது என்றே கருதுகிறேன்.

1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஷ்டைன் என்ற அறிஞர், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் கைகளில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். சுத்தியல் தவறாமல் உளியின் மீதே விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழி அடிக்கு அடி சற்றே மாறியது. ஒரு மூட்டு பிசகினால் மற்றொன்று ஈடுகட்டுவதும், சுமை ஒரே தசையின் மீது விழாமல் பகிர்ந்துகொள்ளப்படுவதும் இந்த நெகிழ்வினால்தான். பல ஆண்டு நெய்த உங்கள் கையிலும் இது உண்டு.

வயது ஏறும்போது விரைந்து சுருங்கும் தசை இழைகள் குறைகின்றன. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குகிறது. கை தடுமாறாமலிருக்க, மடக்கும் தசையையும் நீட்டும் தசையையும் உடல் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. இதனால் கைக்கு உறுதி கிடைத்தாலும் களைப்பும் சீக்கிரம் வந்துவிடுகிறது. இரு கைகளும் வெவ்வேறு வேலையை மாறி மாறி விரைவாகச் செய்வது வயதில் எளிதில் குலையக்கூடியது. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் பெரும்பாலும் அது சீராகிவிடும்.

கூலி உருப்படிக் கணக்கில் கிடைப்பதால், மெதுவாக நெய்யுங்கள் என்று சொல்வது எளிதல்ல என்பதை அறிவேன். ஆயினும் கோணிய கரையைச் சரிசெய்வதிலும் நேரம் போகிறதல்லவா? மதியம் ஒரே நீண்ட ஓய்வு எடுப்பதோடு, அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிட்டு இளைப்பாறுங்கள். இழுக்கும்போது முழங்கை தோளுக்கு மேலே எழாதவாறு கைப்பிடிக் கயிற்றின் நீளத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டுணர்வு மங்கிய கை கண்ணையே அதிகம் நம்புவதால், துணியின் மீது நல்ல வெளிச்சம் விழட்டும், கண்ணாடியையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த வயதிலும் பயிற்சியால் தசை வலுப்பெறும். தோளுக்கான பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் நேரில் கற்பதே நல்லது.

நோய் இல்லை என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம் என்பதால், முதலில் குடியாத்தம் அரசு மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ, சும்மா இருக்கும்போது கை நடுங்கினாலோ மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஒரு பக்கக் கை திடீரென்று வலுவிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

தோள்வலி தணிந்த பிறகு, ஒரு வாரம் பிற்பகலில் மட்டும் வேகத்தைக் குறைத்து நெய்து பாருங்கள். கரை நேராக வந்தால், அந்தத் துணியையே மகனிடம் காட்டிப் பேசுங்கள்.