பாஸ்போர்ட் வந்தாச்சு, அப்புறம் ஏன் கோர்ட்டு?

கேள்வி: மகனும் மருமகளும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி லண்டனில் இருக்கிறார்கள். பத்து வருஷம் குழந்தை இல்லாமல், ஜார்ஜியா நாட்டில் வாடகைத் தாய் மூலம் பேத்தி பிறந்து இப்போது ஏழு மாதம். அங்கே கொடுத்த பிறப்புச் சான்றிதழில் இவர்கள் பெயர்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. ஆனாலும் கோர்ட்டிலிருந்து ஒரு சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்கு வரப்போகிறாராம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. ஊரில் மருமகள் பெற்றதாகத்தான் சொல்லியிருக்கிறோம், பங்குச் சாமியாருக்குக்கூடத் தெரியாது. வருகிற அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிடலாமா? — பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: சொல்லவே கூடாது. அதை முதலில் மகனுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பாஸ்போர்ட் என்பது பிள்ளை எந்த நாட்டுக்காரி என்று சொல்கிற காகிதம். யார் பிள்ளை என்று அது சொல்லாது. ஜார்ஜியா சட்டப்படி உங்கள் மகனும் மருமகளும் பெற்றோர். ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் பெற்றவள்தான் தாய், கருமுட்டை யாருடையதாக இருந்தாலும் சரி. அவளுக்குக் கணவர் இருந்தால், சம்மதிக்கவில்லை என்று காட்டினால் ஒழிய, தகப்பன் ஸ்தானம் அவருக்கு. அதாவது இன்றைய தேதிக்கு உங்கள் பேத்திக்கு அங்கே சட்டப்படி அம்மா ஜார்ஜியாவில் இருக்கிற ஒரு பெண். கேட்க வயிற்றைக் கலக்கும்தான். 2008-ல் உக்ரைனில் ஒரு பிரிட்டிஷ் தம்பதிக்காகப் பிறந்த இரட்டைக் குழந்தைகள், உக்ரைன் சட்டத்துக்கும் பிரிட்டிஷ் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி, பெற்றோரும் குடியுரிமையும் இல்லாமல் நின்றார்கள், கோர்ட்டு தலையிட்டுத்தான் தீர்ந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 'பேரன்டல் ஆர்டர்' என்ற உத்தரவு. அது வந்ததும் மகனும் மருமகளும் சட்டப்படி பெற்றோர், அங்கேயே புதுசாகப் பிறப்புப் பதிவும் ஆகிவிடும். பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது விதி (தவறிவிட்டாலும் 2014-க்குப் பிறகு குழந்தையின் நலனைப் பார்த்து கோர்ட்டுகள் ஏற்றிருக்கின்றன). வரப்போகிறவர் காஃப்காஸ் என்ற அரசு அமைப்பின் சமூகப் பணியாளர். வாடகைத் தாய் மனதார ஒப்புக்கொண்டாளா, அவள் கணவரும் சம்மதித்தாரா, உங்கள் மகன், மருமகள் இருவரில் ஒருவருடைய மரபணுவாவது குழந்தைக்கு இருக்கிறதா, பிள்ளை இவர்களோடுதான் வளர்கிறதா என்று விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை எழுதுவார். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் வாங்கிய சம்மதக் கையெழுத்து செல்லாது, மருமகளிடம் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். நியாயமான செலவுக்கு மேல் பணம் போயிருந்தால் அதற்குக் கோர்ட்டு அனுமதி வேண்டும், அதனால் ஏஜென்சிக்குக் கட்டிய ரசீது, பேங்க் கணக்கு ஒன்றையும் ஒளிக்க வேண்டாம்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்களைக் கண்டு பயப்படுவது புதுசில்லை. தத்துக் கொடுப்பதற்கு முன் வீட்டை விசாரித்து எழுதும் வேலையை நானும் பல வருஷம் பார்த்தவள். பாம்பனில் ஒரு வீடு, அவர் விசைப்படகில் போகிறவர். கருவாட்டு வாசனை தெரியக்கூடாதென்று வீடு முழுக்க சாம்பிராணி, கண் எரிகிறது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் வந்து நிற்கிறது, வயரைச் சுற்றிக் கட்டியது கட்டியபடி. நான் கேட்டது ஒன்றுதான்: ராத்திரி பிள்ளை அழுதால் யார் எழுந்திருப்பீர்கள்? அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "கடலுக்குப் போகாத நாள்ல இவுகதான்" என்றாள். அதைத்தான் குறிப்பில் எழுதினேன். ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வரி இல்லை.

லண்டனிலும் அனேகமாக அப்படித்தான். பாதிக்கு மேல் பேச்சு, "இவள் எப்படிப் பிறந்தாள் என்று இவளிடம் எப்போது, எப்படிச் சொல்லப்போகிறீர்கள்?" என்பதைச் சுற்றியே இருக்கும். அங்கே இதை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஊருக்கு நீங்கள் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. பேத்திக்கு ஒப்பிக்க வேண்டும். பதினைந்து வயதில் கல்யாண வீட்டுப் பந்தியில் எவளோ ஒரு சித்தி வாய் தவறிச் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டுமா? மடியில் கிடக்கும் வயதிலேயே, "ஜார்ஜியாவில் ஒரு அம்மா உன்னைச் சுமந்து கொடுத்தாங்க" என்று கதையோடு கதையாகச் சொல்லி வந்தால் அவளுக்கு அது அதிர்ச்சியாகவே இருக்காது. அந்த அம்மாவின் பெயர், ஒரு போட்டோ, இரண்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு ஊருக்கு வரும் டிக்கெட்டை மட்டும் உத்தரவு கையில் வந்தபிறகு போடட்டும்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே ஒரு அக்கா சுமந்து தரச் சம்மதிக்கிறார், மூன்று லட்சம் கேட்கிறார். பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா? — ஒரு வாசகர், தொண்டி

பதில்: போதாது, மாட்டிக்கொள்வீர்கள். 2022 ஜனவரி 25 முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைத் தாய்ச் சட்டப்படி மருத்துவச் செலவு, இன்சூரன்ஸ் போன்றவை தவிர பணம் கைமாறினால் குற்றம். பணத்துக்கு நடத்துகிறவர்களுக்குப் பத்து வருஷம் வரை சிறை. சுமப்பவர் ஏற்கெனவே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவராக, 25-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான். லண்டனில் பிள்ளை பிறந்தபிறகு கோர்ட்டு, இங்கே அதற்கு முன்னாலேயே முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் போய் 'பிறக்கப்போகிற பிள்ளை எங்களுடையது' என்று உத்தரவு வாங்க வேண்டும். முத்திரைத்தாளுக்குக் கொடுத்த காசு தண்டம்.