அப்பு ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறான்?

கேள்வி: எனக்கு வயது 64. எங்கள் பூனை அப்புவுக்கு 13. ஆண், கருத்தடை செய்தது. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 2 யூனிட் கிளார்ஜின் இன்சுலின் போடுகிறேன். சென்ற மாதம் திடீரென்று மூச்சு வாங்கியது. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயச் சுவர் தடித்திருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஃபுரோசமைடும் குளோபிடோக்ரெலும் கொடுத்து வருகிறேன். மூச்சு இப்போது பரவாயில்லை. ஆனால் மறுபடியும் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறான். இன்சுலினைக் கூட்டலாமா? ஊசிக்குப் பதிலாக என் கணவரின் சர்க்கரை மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? தயிர்ச்சோறும் கருவாடும்தான் ஆசையாகச் சாப்பிடுகிறான். இந்த வயதில் அவனை ஊசியும் மாத்திரையுமாகப் படுத்துகிறேனோ என்ற எண்ணத்தில் தூக்கம் வருவதில்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, இன்சுலினைக் கூட்டாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பு நிறையத் தண்ணீர் குடிப்பதற்கு இப்போது இரண்டு காரணங்கள் இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது சிறுநீரில் வழியும், கூடவே நீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் தாகம் எடுக்கும். இது இரண்டு ஆண்டுகளாக நீங்கள் அறிந்தது. ஃபுரோசமைடு என்பது நீர் மாத்திரை. நுரையீரலில் கோத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதே அதன் வேலை. அது ஒழுங்காக வேலை செய்தாலும் பூனைக்குத் தாகம் எடுக்கும். ஆகவே, தாகத்தைப் பார்த்துச் சர்க்கரையைக் கணித்த பழைய வழக்கம் இனி அப்புவுக்குப் பொருந்தாது. தாகத்தை நம்பி இன்சுலினைக் கூட்டினால், சர்க்கரை அளவோடு இருக்கும் பூனைக்குத் தாழ்சர்க்கரை வந்துவிடும். தண்ணீரையும் குறைக்காதீர்கள். நீர் மாத்திரை சாப்பிடும் பூனை குடிக்காமல் போனால் முதலில் அடிவாங்குவது சிறுநீரகம்தான்.

தாகத்துக்குப் பதிலாக மூன்று கணக்குகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்று, எடை, வாரம் ஒருமுறை. அவனைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று சந்தேகிக்கலாம். இரண்டு, வீட்டிலேயே எடுக்கும் ரத்தச் சர்க்கரை. காது விளிம்பில் ஊசியால் மெல்லக் குத்தினால் ஒரு சொட்டு வரும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் பயப்படும் பூனைக்கு மருத்துவமனையில் எடுக்கும் எண்ணைவிட இதுவே நம்பத்தக்கது. பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை 300, 400 என்று எகிறிவிடும். இதய நோயும் உள்ள முதிய பூனைக்கு நாளின் பெரும்பகுதி 100க்கும் 300க்கும் இடையில் இருந்தால் எனக்குப் போதும். இன்னும் கீழே இறக்க வேண்டும் என்ற பேராசை எனக்குக் கிடையாது.

மூன்றாவது கணக்குதான் அப்புவின் உயிரைக் காக்கப்போவது. அவன் ஆழ்ந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். அவனுடைய வழக்கமான எண்ணிக்கை, எடுத்துக்காட்டாக, 22 என்றால், அது 28, 32 என்று ஏறும்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 40ஐத் தாண்டினாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அது அவசரம். நாய் வாயைத் திறந்து இளைப்பது இயல்பு, பூனை சும்மா இருக்கும்போது அப்படிச் செய்யாது. அந்த நேரத்தில் வாயில் மாத்திரையைத் திணிக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். கூடையில் விட்டு உடனே கிளம்புங்கள். உங்களுக்கு அருகில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ இரவில் ஆக்சிஜன் கொடுக்க வசதியுள்ள இடம் எது என்பதை இன்றே விசாரித்து, எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பின்னங்கால் விஷயத்திலும் இதே குழப்பம் வரும். சர்க்கரை நோய் நரம்பைப் பாதித்தால், பூனை நுனிக்காலில் நடப்பதை விட்டுக் குதிகாலை முழுதாகத் தரையில் வைத்து நடக்கும். இது வாரக்கணக்கில் மெல்ல வருவது, வலி பெரிதாக இருக்காது, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளில் தேறும். தடித்த இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டி அப்படியல்ல. அது பெருந்தமனியில் இறங்கிப் பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொண்டால், சற்றுமுன் நடந்துகொண்டிருந்த பூனை அலறிக்கொண்டு காலை இழுக்கும். தொட்டால் கால் சில்லென்றிருக்கும், பாதத்தின் அடி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரியும். நான் பார்த்தவற்றில் இதைவிடக் கொடிய வலி பூனைக்கு இல்லை. "சுகர் பூனைதானே, நரம்புத் தளர்ச்சியாக இருக்கும், காலையில் பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்காதீர்கள்.

குளோபிடோக்ரெல் இதற்காகத்தான். ஏற்கெனவே ஒருமுறை கட்டி அடைத்துப் பிழைத்த பூனைகளை வைத்து அமெரிக்காவில் ஆஸ்பிரினோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. மறுபடி அடைப்பதைத் தள்ளிப்போடுவதில் குளோபிடோக்ரெலே மேல் என்று அதில் தெரிந்தது. மனிதர்களுக்கான 75 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்குதான் பூனைக்கு ஒரு நாளைக்கு. கடும் கசப்பு. நாக்கில் பட்டால் வாய் நுரைத்து வழியும், பலர் அதை வலிப்பு என்று பயந்துவிடுகிறார்கள். காலி ஜெலட்டின் கேப்சூலில் போட்டுக் கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் கோழிச்சாறு விடுங்கள்.

உங்கள் கணவரின் மாத்திரைக்கு வருகிறேன். வேண்டாம். மெட்ஃபார்மின் பூனைகளில் சரிவர வேலை செய்வதில்லை. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் "கிளிஃப்ளோசின்" வகையில் பூனைகளுக்கென்றே ஒரு மாத்திரையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் அதுவும் இதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்கே. இன்சுலினில் இருக்கும் பூனையைத் திடீரென அதற்கு மாற்றினால், ரத்தச் சர்க்கரை சரியாகத் தெரியும்போதே உடலில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். நீர் மாத்திரையால் ஏற்கெனவே உடல் வறளும் அப்புவுக்கு அது இரட்டை ஆபத்து. வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஊசியில் ஒரு விஷயத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். நம் மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது: மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். கிளார்ஜின் 100. இதற்கு ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச், 40க்குச் சிவப்பு மூடி. கடையில் மாற்றிக் கொடுத்த சிவப்பு மூடி சிரிஞ்சில் நீங்கள் 2 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 5 யூனிட். என்னிடம் வலிப்போடு வந்த ஒரு பூனைக்கு நடந்தது இதுதான். அன்றைக்கு அந்த வீட்டம்மா அழுத அழுகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பு தள்ளாடினாலோ, கண் நிலைகுத்தினாலோ, துடித்தாலோ, குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ ஈறில் தடவுங்கள். நினைவில்லாத பூனையின் வாயில் ஊற்றாதீர்கள். ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த வேளை போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது, இரண்டு முறை போட்டுவிட்டால் ஆபத்து. சாப்பிட மறுக்கும் வேளையில் முழு அளவு போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

தயிர்ச்சோறு, பால்சோறு இரண்டையும் நிறுத்த வேண்டும். பூனை மாமிச உண்ணி. சோற்றின் மாவுச்சத்தைச் சமாளிக்கும் உடல் அதற்கு இல்லை. ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். உணவு மாறினால் சர்க்கரை விரைவாக இறங்கலாம், இன்சுலினையும் குறைக்க வேண்டியிருக்கும். பத்துப் பதினைந்து நாட்களில், அளவு பார்த்துக்கொண்டே, மருத்துவரின் யோசனையோடு மாற்றுங்கள். கருவாட்டை மட்டும் இன்றே விடுங்கள், அதன் உப்பு உடலில் நீரைத் தேக்கும், இந்த இதயம் அதைத் தாங்காது. அவித்த கோழி நல்லதுதான். ஆனால் வெறும் கோழி போதாது: சுண்ணாம்புச் சத்து இல்லை, டாரின் என்ற சத்து அவித்த நீரில் கரைந்துவிடும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஆகவே பாதிக்கு மேல் ஈரமான பாக்கெட் பூனை உணவாக இருக்கட்டும். மாவு குறைவானதாகப் பார்த்து வாங்கி, மிச்சத்துக்கு உப்பில்லாமல் அவித்த கோழியை அதன் சாறோடு கொடுங்கள். மத்தி மீன் தருவதானால் நன்றாக வேகவைத்து, எப்போதாவது. இவை எதையும் அவன் தொடவே இல்லையென்றால், பட்டினி போடுவதைவிடப் பழைய உணவே மேல். இப்படிப்பட்ட பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டு நோய்களையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அரிப்புக்காகவோ வாய்ப்புண்ணுக்காகவோ போடும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையையும் ஏற்றும், அடங்கியிருக்கும் இதயச் செயலிழப்பையும் கிளப்பிவிடும். சோர்வாக இருக்கிறான் என்று வழக்கம்போல் சலைன் ஏற்றினால் அது நேராக நுரையீரலில் போய் நிற்கலாம்.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தைராய்டும் ரத்த அழுத்தமும் பார்த்தார்களா? இரண்டுமே இதயச் சுவரைத் தடிக்க வைப்பவை, இரண்டுக்கும் மருந்து உண்டு. வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் சர்க்கரையையும் இதயத் தடிப்பையும் சேர்த்தே கொண்டுவரும். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோய்ப் பூனைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இதன் அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது. அப்புவுக்கு 2 யூனிட்தான் போகிறது என்பதால் அவனுக்கு அது இருக்கும் வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் அளவு ஏறிக்கொண்டே போனாலோ, முகமும் பாதமும் அகன்று தெரிந்தாலோ, ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கொடுமையா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்சுலின் ஊசி முடியைப் போல் மெல்லியது. பிடரியிலோ விலாப்புறத்திலோ தோலைத் தூக்கிப் பிடித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டால் பெரும்பாலான பூனைகள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அவன் உங்கள் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து வருகிறானா? உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறானா? பிடித்த இடத்தில் போய்ப் படுக்கிறானா? ஆம் என்றால் நீங்கள் அவனைப் படுத்தவில்லை, பார்த்துக்கொள்கிறீர்கள். நுரையீரலில் ஒருமுறை நீர் கோத்த பூனைக்குச் சில மாதங்கள் கிடைக்கும், சிலவற்றுக்கு ஓரிரு ஆண்டுகள். இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அவன் ஒதுங்கி மூலையில் கிடந்து, மூச்சு மறுபடி மறுபடி திணறி, மருந்தைக் கூட்டியும் தேறாத நாள் வந்தால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி உங்கள் மருத்துவரே பேசுவார். அந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த நாள் வந்துவிடவில்லை. நீர் மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. சிறுநீரக அளவும் பொட்டாசியமும் இதுவரை பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே ரத்தம் எடுக்கக் கூட்டிப்போங்கள். கூடையை இரண்டு நாள் முன்னதாகவே கூடத்தில் திறந்துவைத்து, உங்கள் பழைய புடவை ஒன்றை உள்ளே விரித்துவிடுங்கள், அவனே போய்ப் படுத்துக்கொள்வான். நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.