ஏப்ரல் 1 அன்று வரும் புருடாச் செய்திகளை மக்கள் ஏன் நம்பிவிடுகிறார்கள்?

பொய் என்று தெரிந்தே, சிரிக்க வைப்பதற்காக, நிஜச் செய்தியின் தோரணையில் வெளியிடுவதுதான் ஏப்ரல் முதல் தேதிப் புருடா. இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1957-இல் பிபிசி செய்த வேலை.

‘பனோரமா’ என்கிற அவர்களுடைய கறாரான செய்தி நிகழ்ச்சியில் சுமார் 3 நிமிடப் படம். சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரக்கிளையில் தொங்கும் ஸ்பகெட்டியை (மாவில் செய்யும், நூடுல்ஸ் மாதிரி நீள இழையாக இருக்கும் இத்தாலிய உணவு) பறித்துக் கூடையில் சேர்த்து, வெயிலில் காயவைக்கிறது. அந்த வருஷம் குளிர் குறைவு, ஸ்பகெட்டியைத் தின்னும் வண்டும் ஒழிந்துவிட்டது, அதனால் அமோக விளைச்சலாம்! வர்ணனை ரிச்சர்ட் டிம்பிள்பி, நாடே மதித்த குரல். அப்புறம் என்ன, ஸ்பகெட்டி மரம் வளர்ப்பது எப்படி என்று கேட்டு பிபிசிக்கு போன் மேல் போன். தக்காளி சாஸ் டின்னில் ஒரு துண்டை நட்டுவிட்டு நம்பிக்கையோடு காத்திருங்கள் என்று பதில் சொன்னார்களாம்.

சரி, ஏன் நம்பினார்கள்? சொன்னவர் நம்பகமானவர், சொன்ன விஷயமோ பரிச்சயமில்லாதது. அன்றைய பிரிட்டனில் பலருக்கு ஸ்பகெட்டி என்றால் டின்னில் சாஸோடு வரும் பண்டம். அது மாவில் செய்வது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. “அரிசி எந்த மரத்தில் காய்க்குது?” என்று கேட்கும் நகரத்துப் பிள்ளையிடம் வாத்தியாரே ஒரு மரத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

நம்பியவர்கள் எல்லாம் மக்குகள் என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உருளைக்கிழங்கு மரத்தில் காய்க்கிறது என்று அதே டிம்பிள்பி சொல்லியிருந்தால், ஒருவரும் போனைத் தொட்டிருக்க மாட்டார்கள்.