13 டம்ளரும் ஒரு களி உருண்டையும்

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வயது 38. வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் என்றால் விடிகாலை 4.30-க்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், நான் 3.30-க்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மகன் ஒன்பதாவது, மகள் ஆறாவது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மகள் வாசல் பெருக்கித் தருவாள், மற்றதெல்லாம் நான்தான்.

ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்காரும்போது, டிவியில் வருவதுபோல நான் செய்தி வாசிப்பேன். "வணக்கம். தலைப்புச் செய்திகள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இன்று 13 டம்ளர்கள் கழுவப்பட்டன. மீதி எட்டு டம்ளரில் குடித்தவர்கள் யார் என்று விசாரணை நடக்கிறது. மகனின் ஒற்றைச் சாக்ஸ் மூன்றாவது நாளாகத் தலைமறைவு. காயப்போட்ட புளியைக் கிளறச் சொன்னதற்கு, வீட்டுத் தலைவர் செல்போனைக் கிளறிக்கொண்டிருந்தார்." எல்லாரும் சிரிப்பார்கள். அதையே பேசிப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவேன். நாத்தனார்கள் கேட்டுக் கேட்டு ரசிப்பார்கள்.

போன மாதம் ஒரு நாள், "எங்க அத்தை கிண்டின களி உருண்டை ஒண்ணு இருந்திருந்தா, 2017-ல கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேம் மதகு உடைஞ்சப்ப அடைச்சிருக்கலாம்" என்று போட்டுவிட்டேன். குரூப்பே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து களிப் பானையைத் தொடவில்லை. முன்பெல்லாம் அவர் கிண்டிய களி பஞ்சு மாதிரி இருக்கும், இப்போதுதான் இப்படி. கையும் சரியாகத் தூக்க வரவில்லை, அந்த எரிச்சலோ என்னவோ. வீட்டுக்காரர், "ஊட்டு மானத்தை வாங்குறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்கிறார். பேசாமல் வாயைக் கட்டிக்கொள்ளட்டுமா? ஆனால் இந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எனக்கு நாள் ஓடாது, அக்கா.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கச்சி,

வாயைக் கட்டிக்கொள்ள வேண்டாம். 13 டம்ளர் செய்தியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். எழுந்து போய் எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடந்ததை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேருக்கு ஒன்பது டம்ளர். வீட்டு வேலையில் யாரும் எண்ணாததை நீங்கள் எண்ணுகிறீர்கள். அந்தக் கண்ணை இழந்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. "கையும் சரியாகத் தூக்க வரவில்லை." போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

களி கிண்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் ஒருமுறை அத்தையின் இடத்தில் நின்று பாருங்கள். நொய் வெந்து குழைந்த தண்ணீரில் ராகி மாவைக் குவித்துப் போட்டு, நடுவில் கட்டையால் குழி போட்டு, தீயைத் தணித்து வேகவிடுகிறோம். அதுவரைக்கும் யாருக்கும் கைவரும். பானையை இறக்கி, ஆடாமல் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து அடிமாவை மேலே கொண்டுவருகிறோமே, அங்கேதான் களி களியாகிறது. அந்தப் பலம் மணிக்கட்டிலிருந்து வராது, தோளிலிருந்து வர வேண்டும். தோள் பாதியில் ஓய்ந்துவிட்டால் மாவு அங்கங்கே கட்டி தட்டி நின்றுவிடும், ஆறியதும் இறுகிப்போகும். பஞ்சு மாதிரி கிண்டிய அதே கை இன்று கல்லு மாதிரி கிண்டுகிறது என்றால், கைப்பக்குவம் ஒரே மாதத்தில் எங்கே போய்விடும்? அத்தைக்குத் தோள் வலிக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். வலியை வெளியே சொல்லாமல் கிண்டிக்கொண்டிருந்தவரை ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டது. அதனால்தான் பானையைத் தொடவில்லை.

இந்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் மூட்டு இறுகிப்போவது உண்டு. வயதின் தேய்மானமாகவும் இருக்கலாம். இன்னொன்றும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்: அவர் எத்தனை வருடம் எந்தக் கிணற்று, போர் தண்ணீரைக் குடித்தார் என்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் காவி படிவதோடு நிற்காது, எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் அத்தை குடித்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். இப்போதும் சமையலுக்கு போர் தண்ணீரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஃபுளூரைடு கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், துணிக்கும் மாட்டுக்கும் மற்றது என்று பிரித்து வையுங்கள்.

இனி உங்கள் சிரிப்புக்கு வருகிறேன்.

என் அம்மா வீடு காவேரிப்பட்டணம் பக்கம். மார்கழி வந்தால் தெருவே அவரைக்கொட்டை வாசம் அடிக்கும். கொட்டையை ஊறப்போட்டு எடுத்துவந்து, திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் முறத்தைச் சுற்றி உட்காருவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து. தோல் விரலோடு நிற்கும், பருப்பு துள்ளி முறத்தில் விழும். சில பருப்பு முறத்தைத் தாண்டி அடுத்தவர் மடியில் போய் விழும். "இந்தக் கொட்டைக்கு இருக்கிற சுறுசுறுப்பு எங்கூட்டுக்காரருக்கு இருந்திருந்தா நான் ரெண்டு ஏக்கரா வாங்கியிருப்பேன்" என்பார் ஒரு பெரியம்மா. "வாங்கி? அதுலயும் நீதானே களை எடுக்கணும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் ஒரு விரல்கூட நிற்காது. நகக்கண் ஊறி வெள்ளையாகிப் போயிருக்கும். அவ்வளவு நேரம் பிதுக்கிய பருப்பு, குழம்பானதும் ஒரே வேளையில் காலி. அடுத்த வாரம் மறுபடியும் முறம், மறுபடியும் சிரிப்பு.

அந்தப் பெரியம்மா சொன்னதும் நீங்கள் வாசிப்பதும் ஒரே ஜாதிப் பேச்சுதான். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாரும் அதே வேலையில் விரல் ஊறிப்போனவர்கள். உங்கள் செய்தியைக் கேட்பவர்கள் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். செய்தி முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோகிறார்கள். தட்டு உங்களுக்கு. நாளைக்கும் அதே 13 டம்ளர். வேலையைத்தான் நீங்கள் தனியாகச் செய்தீர்கள் என்றால், அதைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் வேலையையும் தனியாகவே செய்கிறீர்கள். எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

அதனால் செய்தி வாசிக்கும் நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால், எல்லார் கையிலும் ஒரு வேலை இருக்கும்போது வாசியுங்கள். நடுவில் ஒரு முறம், அதில் அவரைக்கொட்டையோ, கொட்டை எடுக்க வேண்டிய புளியோ, உரிக்க வேண்டிய பூண்டோ. கை வேலை செய்தால்தான் காதுக்குச் செய்தி. உங்கள் மகன் சிரிக்க ஆசைப்பட்டு உட்காருவான், அரைப்படி கொட்டையைப் பிதுக்கிவிட்டுத்தான் எழுவான்.

மகனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகள் வாசல் பெருக்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்தவன் உங்கள் செய்தியில் தொலைந்த சாக்ஸாக மட்டும் வருகிறான். 11 வயதுப் பெண்ணுக்கு வேலை, 14 வயதுப் பையனுக்குச் சிரிப்பு என்பது நியாயமில்லை, தங்கச்சி. இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, நம் வீடுகளில் அது தானாக அப்படி ஆகிவிடுகிறது. அவனவன் குடித்த டம்ளரை அவனவன் கழுவிக் கவிழ்ப்பது நாளையிலிருந்து நடக்கட்டும். டம்ளர் கணக்கு அதோடு முடிந்தது. ராத்திரி பாத்திரம் ஒரு நாள் மகன், ஒரு நாள் மகள். சரியாகத் தேய்க்கவில்லை என்று நீங்கள் போய் மறுபடி தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் தட்டில் அவனே சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 4.30-க்குப் பஸ் ஏறி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய், ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர். வீட்டுக்குள் அவரைக் கிண்டல் செய்தால் சிரித்துவிடுவார். அதே பேச்சு அவருடைய அக்கா தங்கை வீட்டு மச்சான்மார் காதுக்குப் போகும்போது அவருக்குக் கூசுகிறது. குரூப்பில் போடுவதை நிறுத்திவிடுங்கள். களிச் செய்தி இன்னும் அங்கே கிடந்தால் முதலில் அதை நீக்குங்கள். இதில் மட்டும் நான் அவர் பக்கம்.

ஆனால் மானம் போகிறது என்று அவர் சொல்லும்போது, நிதானமாக ஒரு கணக்கை அவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 2024-இல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் எடுத்தாலும் 88 நிமிடம்தான். 2019-இல் இது 299-க்கு 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. உங்களுக்குக் குறைந்த அந்தப் பத்து நிமிடத்தை மிக்ஸியோ கேஸோ குறைத்திருக்கும், கூட ஒரு ஆள் வந்து குறைக்கவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தானாலும், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கு அதில் சமபங்கு உண்டு என்று. அதே வருடம் செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்றது. சண்டைக்காக இதைச் சொல்ல வேண்டாம். அவர் ஷிப்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் ஷிப்டுக்கும் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அப்புறம் கேளுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. "ஞாயித்துக்கிழமை துணி உங்களது" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். புளி கிளறாததைச் செய்தியில் சொன்னீர்களே, நேரில் கேட்டீர்களா?

அத்தையிடம் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது. காலில் விழ வேண்டாம், நீளமாகப் பேசவும் வேண்டாம். ஒரு சாயங்காலம் நீங்களே களிப் பானையை அடுப்பில் ஏற்றுங்கள். "அத்தை, எனக்குப் பதம் பிடிபட மாட்டேங்குது. நீங்க உக்காந்து சொல்லுங்க, நான் கிண்டுறேன்" என்று மணையைப் போடுங்கள். மகன் பானையை அழுத்திப் பிடிக்கட்டும். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாவு அடியில் பிடிக்கும் வாசம் வந்தால் சும்மா இருக்க மாட்டார், "தீயைக் குறைடி" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவும். கிண்டி முடித்ததும் உங்கள் தோள் எப்படி இருக்கிறது என்று அவரிடமே சொல்லுங்கள். "கேலி பண்ணது தப்பு அத்தை" என்ற வார்த்தையை அப்போது சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும்.

பிறகு ராத்திரிச் செய்தியில் அவருக்கும் ஒரு இடம் கொடுங்கள். அவர் மருமகளாக வந்த காலத்தில் ராகி அரைத்ததும் தண்ணீர் இழுத்ததும், அவருடைய மாமியாரைப் பற்றி அவர் வாய்க்குள் வைத்திருந்ததும் எவ்வளவோ இருக்கும். உங்களைவிட நன்றாகச் சிரிக்கவைப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரைக்கொட்டை சந்தைக்கு வந்ததும் இரண்டு படி வாங்கி ஊறப்போடுங்கள். அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட்டு, தோளுக்கு என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா