எதிர்வீட்டுக்கு வரும் குப்பை வண்டி

கேள்வி: சேலம் கோரிமேட்டைத் தாண்டி எங்கள் வீடு. தெருவின் எதிர்வரிசை மாநகராட்சி, எங்கள் வரிசை ஊராட்சி. எதிர்வரிசைக்குத் தினமும் காலையில் குப்பை வண்டி வருகிறது. வாளியோடு ஓடினால், "உங்கள் வீடு எங்கள் பட்டியலில் இல்லை அம்மா" என்கிறார்கள். எங்களையும் மாநகராட்சியில் சேர்க்க யாரிடம் கேட்பது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, அந்தத் தூய்மைப் பணியாளரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். வார்டு வாரியாகக் கொடுத்த வீடுகளுக்குத்தான் அவர் போக முடியும். உங்கள் தெருவை இரண்டாக்கிய எல்லைக்கோட்டை மாநகராட்சியும் போடவில்லை, ஊராட்சியும் போடவில்லை. போட்டது மாநில அரசு. அது அரசிதழில் சர்வே எண்களாக அச்சாகியிருக்கும். இரண்டு விவசாயக் காடுகளுக்கு நடுவே கிடந்த வண்டித்தடம்தான் பிற்பாடு உங்கள் தெருவாகியிருக்கக்கூடும். காட்டுக்கு ஒரு சர்வே எண் என்று இருந்தது அப்படியே எல்லையாகிவிட்டது.

முதல் வேலையாகப் பட்டாவையும் வீட்டுவரி ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது வருடம் பில் கலெக்டராக வீடு வீடாக நடந்தவன் சொல்கிறேன்: எல்லையோர வீடுகளில் இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைச் சரிசெய்யாமல் எந்த மனு கொடுத்தாலும் திரும்பி வரும்.

இணைப்பதும் அரசின் முடிவுதான். மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத வேலை பார்ப்போரின் விகிதம், ஊரின் பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்த்து நகர்ப்புறத்தை அறிவிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-கியூ பிரிவு சொல்கிறது. அரசு முதலில் உத்தேச அறிவிப்பு வெளியிட்டு, கெடு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கும். அந்த நாட்களில் வாய்மூடி இருந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களே அதிகம். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அப்போதே எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

ஆனால் அவசரப்பட வேண்டாம் என்பதே என் எண்ணம். மாநகராட்சிக்குள் வந்தால் சொத்துவரி வேறு கணக்கில் வரும். கட்டடத்தின் பரப்பும் அது இருக்கும் பகுதியின் மதிப்பும் பார்ப்பார்கள். நூறு நாள் வேலை என்று சொல்லிப் பழகிவிட்டோமே, அந்த ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். உங்கள் தெருவில் அந்தக் கூலியை நம்பி உலை வைக்கிற வீடு ஒன்று இருந்தாலும், அவர்களையும் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் கையெழுத்து வாங்கப் போக வேண்டும். கிராமசபையும் போய்விடும். மே 1, அக்டோபர் 2 போன்ற நாட்களில் ஊரே உட்கார்ந்து கணக்குக் கேட்கிற உரிமை அது. ரேஷனும் மின்சாரமும் வேறு துறைகள். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் புதுச் சாக்கடை கட்டினார்கள். நல்ல சிமெண்ட் வேலை. எல்லைக் கல் வந்த இடத்தில் கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார். அதற்கு மேல் எஸ்டிமேட் இல்லை. முதல் மழைக்கே கழிவுநீர் முழுவதும் கல்லைத் தாண்டி ஒரு பாட்டியின் வாசலில் இறங்கியது. அவர் நிலைப்படியில் மூன்று செங்கல்லை வரிசையாக அடுக்கி, இடுக்கில் பழஞ்சேலையைத் திணித்துக்கொண்டிருந்தார். வரி கேட்கப் போன நான் கேட்காமலே திரும்பினேன். பாட்டி இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக எழுதினார். இரண்டிலும் அடுத்த அலுவலகத்தைப் பார்க்கச் சொன்னார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: எல்லைத் தகராறை இரண்டு பக்கமும் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோங்கள். மாநகராட்சி என்பது நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வருகிறது, ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. உங்கள் மாவட்டத்தில் இரண்டையும் கூப்பிட்டுப் பேச வைக்கக்கூடியவர் கலெக்டர். திங்கட்கிழமை குறைதீர் நாளில், ஒரே மனுவில் இரண்டு வரிசை வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இணைப்பைக் கேட்காதீர்கள், இந்த ஒரு தெருவுக்குக் குப்பை எடுக்க ஏற்பாடு கேளுங்கள். எதிர்வீட்டுக்காரர்களின் கையெழுத்து மிக முக்கியம், ஏனென்றால் உங்கள் வரிசையில் குப்பை தேங்கினால் கொசு அவர்களையும் சேர்த்துத்தான் கடிக்கும்.

கேள்வி: ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தது உண்மையா?
— ஒரு மாணவர், அம்மாபேட்டை

பதில்: உண்மை தம்பி. 1917 முதல் 1919 வரை. நகராட்சி அமைந்தது 1866-ல். இன்று மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றாக இருக்கும் சூரமங்கலம் அப்போது சேலம் நகராட்சியில் சேர்ந்ததல்ல. பின்னாளில் தனி நகராட்சியாகவும் இருந்து, 1994-ல் சேலம் மாநகராட்சியானபோதுதான் உள்ளே வந்தது. ராஜாஜி சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனுக்கு ரயிலேறப் போனபோதெல்லாம் தன் நகராட்சியின் எல்லையைக் கடந்துதான் போயிருப்பார்.