செவர்லே 350 எஞ்சினுக்கு அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) போட்டால் பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையைத் திரட்டிக் கீழ்க்குழாய்க்கு அனுப்பும் பாகம்) பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், போல்ட் துளைகளின் அமைப்பு அதேதான். சிக்கல் வேறு இடத்தில். சில ஹெட்களில் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) உயர்த்தப்பட்டிருக்கும். அப்போது மேனிஃபோல்டும் மேலேறி, கீழ்க்குழாய் இணைப்பு விலகும். ஸ்பார்க் பிளக் சாய்வாக இருந்தால் அதன் ரப்பர் மூடி இரும்பில் உரசிக் கருகும். ஆகவே கேஸ்கெட் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் தகடு) இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

மேனிஃபோல்டு வாய் ஹெட் போர்ட்டைவிடச் சிறியதானால் அந்த விளிம்பு புகையைத் தடுக்கும், அரைத்துச் சரிசெய்யுங்கள். பெரியதானால் கவலையில்லை.

பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வளைந்திருக்கலாம். நேர்க்கோல் வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் ஹெட்டில் பொருந்தும் முகத்தைச் சமப்படுத்துங்கள். இதைத் தவிர்த்தால் எந்த கேஸ்கெட்டும் நிற்காது.

போல்ட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. அலுமினியத்தில் குறைந்தது 14 மி.மீ. உள்ளே இறங்கவேண்டும். ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) தடவி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நடுவிலிருந்து வெளிநோக்கி முறுக்குங்கள்.